பாலைவனத்துக்குப் போன கப்பல்

2009ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ரொறன்ரோத் தமிழர் பகிரங்கமாகச் சிரிப்பதற்குத் தடை இருந்தது. எந்த நாடாளுமன்றமும் நிறைவேற்றாத சட்டம். ஆனால் கனடாவின் மற்றச் சட்டங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. வன்னியில் சனம் பதுங்குகுழிகளுக்குள் செத்துக்கொண்டிருந்தது. இங்கே பிறந்தநாள் விழாக்கள் ஒத்திவைக்கப்பட்டன. பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீடுகள் எளிமையாக நடந்தன, அதாவது பிள்ளையை ஹெலிகொப்டரில் இறக்காமல் காரில் இறக்கினார்கள். கலியாண மண்டபங்களில் ஆட்டிறைச்சிக்கு முன்னர் மௌன அஞ்சலி இடம்பெற்றது. அஞ்சலி நீண்டதால் இறைச்சி ஆறிவிட்டதென்று சிலர் குறைப்பட்டது உண்மை. அவர்களுடைய பெயர்கள் குறித்துவைக்கப்பட்டன.

இந்தச் சட்டத்தைத் தன் வாழ்நாளில் ஒரேயொரு தரம் மீறியவர் யேசுரட்ணம். அவர் மீறினார் என்பதுகூடப் பொருத்தமில்லை. மீறுவதற்குக் கூட்டிச் செல்லப்பட்டார்.

யேசுரட்ணத்துக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையில் மீனவர் குடும்பத்தில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராவது தளத்தில் மனைவி ஜெயமலரோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. அலுவலகங்களில் எல்லோரும் வீட்டுக்குப் போனபின் உள்ளே நுழைந்து கூட்டித் துடைப்பது தொழில். அதிகம் பேசமாட்டார். ஒரு வசனத்தைத் தொடங்கினால் பாதியில் நிற்பார். பக்கத்தில் நிற்பவர் மிச்சத்தை முடித்துவிடுவார். தான் நினைத்தது அதுவல்ல என்றாலும் மறுக்கமாட்டார், தலையாட்டுவார்.

அவருடைய வசனங்கள் முழுதாக முடிந்தது தம்பி எட்வேட்டுடன் தொலைபேசியில் பேசும்போது மட்டும்தான். தகப்பன் இறந்தபின் அந்தக் குடும்பத்தில் மூத்தவன் சொன்னதே முடிவு. மூத்தவன் கனடாவுக்குப் போனதும் அந்த அதிகாரம் குறையவில்லை. டொலரும் சேர்ந்துகொண்டதால் கூடிவிட்டது. எட்வேட் எந்த இயந்திரத்தைப் படகில் பூட்டுவது, எந்தப் பெண்ணைக் கட்டுவது, மூத்த பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்தான். ஒருமுறை கடைவாய்ப் பல் கொதித்தபோது பிடுங்கலாமா என்று கேட்கவும் தொலைபேசி எடுத்தான். யேசுரட்ணம் ஒரு நாள் யோசித்து, பிடுங்கு என்றார். இப்படியொரு அதிகாரம் வாய்த்த மனிதர் ஸ்காபரோவில் குப்பைக் கூடைகளைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார் என்று அந்தக் கட்டடங்களில் யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த எட்வேட், மனைவி யசிந்தாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் முல்லைத்தீவுக் கரையில் இருந்தான். யுத்தம் அந்தக் கரைக்கு வந்தது; ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, களப்புக்கு அப்பால் இராணுவம். யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் வரிசையில் நின்று அவன் ஒரு நிமிடம் பேசுவான். வருகிற இலக்கம் திரையில் விழாது; திருப்பி எடுக்கவும் முடியாது. அதனால் யேசுரட்ணம் தன் கைத்தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனார், பூசைக்கும் கொண்டுபோனார். கோயிலில் யாருடைய தொலைபேசியாவது அடித்தால் அந்த மாதங்களில் யாரும் முறைக்கவில்லை. பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, அடித்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

எட்வேட் ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

"அண்ணை, சனம் தண்ணியைக் கடந்து ஆமியின்ரை பக்கம் போகுது. நாங்களும் போறதோ, நிக்கிறதோ?"

"நில்லு," என்றார் யேசுரட்ணம் பெப்ரவரியில்.

"நில்லு, கப்பல் வருகுது," என்றார் ஏப்ரலில்.

ஏப்ரல் முடிய முன் ஒரு ஷெல் விழுந்து யசிந்தா இறந்துபோனாள். அதையும் அவன் ஒரு நிமிடத்துக்குள் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டான். யேசுரட்ணம் அழுதுகொண்டே, நில்லு, கப்பல் வெளிக்கிட்டிட்டுது என்றார்.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டும். அது அமெரிக்கக் கப்பல். சனத்தை ஏற்றிப்போக வருவது. அதை மிதக்கவிட்டவர் பத்மநாதன்.

பத்மநாதன் யூனியன்வில்லில் நாலு கார் நிற்கக்கூடிய வீட்டில் வசித்தார். யேசுரட்ணம் வேலைசெய்த துப்புரவுக் கொம்பனி அவருடையது. பகலில் முதலாளி, இரவு எட்டு மணிக்குத் தமிழ் வானொலி ஒன்றில் அரசியல் ஆய்வாளர். அவருடைய ஆய்வின்படி ஒவ்வொரு ஊரும் விழ விழ வெற்றி நெருங்கிக்கொண்டிருந்தது. கிளிநொச்சி போனபோது அது உள்ளே விட்டு அடிக்கும் உத்தி. முல்லைத்தீவு போனபோது அந்த உத்தியின் இரண்டாம் பாகம். கடைசியில் போவதற்கு ஊர் இல்லாமல் போனபோது கப்பல் புறப்பட்டது. மார்ச்சில் புறப்பட்ட கப்பல் மே மாதத்திலும் இன்னும் இரண்டு நாள் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அதன் வேகத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. கேள்வி கேட்பவன் துரோகி.

மே மாத நடுவில் ஒருநாள், வேலைக்கு ஆட்களை இறக்கும் வான் வண்டியில் பத்மநாதன் யேசுரட்ணத்தை முன்சீற்றில் ஏற்றினார். முன்சீற் என்றாலே விசேஷம்.

"யேசு, வாற லோங் வீக்கெண்ட் ஒட்டாவா போறம். ஆயத்தப்படு."

"ஓம் அண்ணை. பாராளுமன்றத்து ஊர்வலத்துக்குத்தானே? பஸ் எங்கையிருந்து வெளிக்கிடுகுது?"

"பஸ் இல்லை. பிளேன்."

"ஒட்டாவாவுக்கோ?"

"ஒட்டாவாவுக்கெண்டு சொல்லுறது. போறது வேறை இடம்."

 பத்மநாதன் குரலைத் தணித்தார்.

"உனக்குத் தெரியும்தானே, அஞ்சு மாசமா எனக்கு மண்டைக்குள்ளை அதுதான் ஓடுது. டொக்ரர் சொல்லிப்போட்டான், ரெண்டு நாள் எங்கையாவது போய் இரும் எண்டு. வீட்டிலை ரோகிணி அக்காவும் போவமெண்டு நிண்ட நிலையிலை நிக்கிறா. அமெரிக்காவிலை யூட்டா எண்டு ஒரு இடம். பாலைவனம். நடுவிலை ஒரு பெரிய நீர்த்தேக்கம். ரெண்டுபக்கமும் சிவத்தக் கல்லு. கூடாரம் அடிக்கலாம், மீன் பிடிக்கலாம், டைனோசர் நடந்த தடம் கிடக்குதாம், அதையும் பாக்கலாம்."

"அவ்வளவு தூரம் ஏன் அண்ணை? அல்கொங்குவின் காடு கிட்டத்தானே."

"அல்கொங்குவினிலை லோங் வீக்கெண்டுக்கு ஆர் நிப்பான்?"

யேசுரட்ணம் யோசித்தார். "எங்கடை ஆக்கள்தான்."

"நயாகராவிலை?"

"எங்கடை ஆக்கள்."

"ஆயிரம் தீவிலை?"

"அங்கையும்."

"அப்ப?" என்றார் பத்மநாதன். பத்மநாதன் இணையத்தில் ஒரு கிழமை தேடி அந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். கோயில் இல்லை, இடியப்பக் கடை இல்லை, தமிழன் கால் வைத்ததற்குச் சரித்திரச் சான்று இல்லை. டைனோசர் மட்டும்தான் வைத்திருந்தது.

"தம்பி எடுப்பான் அண்ணை," என்றார் யேசுரட்ணம். "போன் அங்கை..."

"அமெரிக்காவடாப்பா! சந்திரனுக்கு ஆள் அனுப்பினவன். அங்கை சிக்னல் இல்லாட்டி வேறை எங்கை இருக்கும்? நானே உன்ரை போனுக்கு ரோமிங் போட்டுத் தாறன்."

முதலாளி தன் கைக்காசில் ஒரு தொழிலாளியின் தொலைபேசிக்கு ரோமிங் போடுவது துப்புரவுத் தொழில் வரலாற்றில் முன்னர் நடந்ததில்லை. யேசுரட்ணம் நெகிழ்ந்துபோனார். காரணத்தைக் கேட்கவில்லை.

ஜெயமலர் நெகிழவில்லை.

"மீன் பிடிக்கவும் வெட்டவும் ஆள் தேவை. அதுக்கு நீங்கள்," என்றாள். "போன நத்தாருக்கு அவர் வீட்டை போனனியளே, தேத்தண்ணி எதிலை தந்தவை?"

"கப்பிலை."

"என்ன கப்?"

"கடதாசிக் கப்."

"அவை குடிச்சது?"

அவர்கள் குடித்தது பீங்கான் கோப்பையில். அந்த வீட்டில் பாசையூர்க்காரருக்குக் கடதாசிக் கப் கொடுப்பது சுகாதாரக் காரணத்துக்காக. பக்கத்து மீனவர் ஊரான கரையூரின் ஆள் ஒருவருக்கும் அப்படியே கொடுத்தார்கள், ஆகவே அதில் பாரபட்சம் இல்லை. பிடித்த மீனுக்கு மட்டும் நல்ல பீங்கான்தான்.

"சரி, போங்கோ. வேலை போயிடும் எண்டுதான் போறியள், எனக்குத் தெரியும்," என்றாள் ஜெயமலர். "போனை என்னட்டைத் தந்திட்டுப் போங்கோ. எட்வேட் எடுத்தா நான் சொல்லுறன்."

"என்ன சொல்லுவாய்?"

"பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு உடனை தண்ணியைக் கட எண்டு சொல்லுவன். ஆமி பிடிச்சாப் பிடிக்கட்டும். உயிராவது மிஞ்சும்."

"அதுக்குத்தான் தரேல்லை," என்றார் யேசுரட்ணம். அந்த வருடம் அந்த வீட்டில் அவர் முழுதாக முடித்த ஒரே வசனம் அது.

வெள்ளிக்கிழமை மூவரும் விமானம் ஏறினார்கள்: பத்மநாதன், அவர் மனைவி ரோகிணி, யேசுரட்ணம். மாலையில் வாடகை வாகனத்தில் நீர்த்தேக்கத்துக்கு வந்தபோது யேசுரட்ணம் முதலில் பார்த்தது தண்ணீரை அல்ல, தொலைபேசித் திரையை. கோடு ஒன்றும் இல்லை. கையை உயர்த்திப் பிடித்தார். வாகனத்தின் மேல் ஏறி நின்றார். கழிப்பறைக் கட்டடத்தின் பின்னால் போய்ப் பார்த்தார். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாடு அந்தப் பள்ளத்தை மறந்திருந்தது.

பூங்காவின் காவலாளி நரைத்த கூந்தலுடைய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் சிரித்துக்கொண்டே அக்கரையைக் காட்டினார். அங்கே நீருக்குள் சரிந்து இறங்கும் ஒரு பெரிய கற்பாறை. அதில்தான் டைனோசர் தடங்கள் இருக்கின்றன. மலைகளுக்கு நடுவில் அந்த இடத்தில் மட்டும் ஒரு வெளி இருப்பதால் அங்கே நின்றால் தொலைபேசி வேலைசெய்யும். படகில் போகலாம்.

"அப்ப பிரச்சினை இல்லையே," என்றார் பத்மநாதன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி யேசுரட்ணத்தினதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை வாடகைப் படகு ஒன்றில் யேசுரட்ணம் அவர்களை அக்கரைக்குக் கொண்டுபோனார். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் சிவந்த பாறை. புல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆற்றை மறித்து, தண்ணீரைத் தேக்கி, வேறெங்கோ வளர்த்த மீனைக் கொண்டுவந்து விட்டு, அதைப் பிடிப்பதற்கு அனுமதிச்சீட்டு விற்கிறார்கள். எத்தனை பிடிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. மீனுக்காவது அங்கே உயிருக்கு உத்தரவாதம் இருந்தது.

கரை கிட்டியபோது யேசுரட்ணம் திரும்பி வந்த வழியைப் பார்த்தார்.

"எட்வேட் தாண்டவேண்டிய தண்ணியும் உவ்வளவுதான் அண்ணை இருக்கும்."

"அது வேறை தண்ணி," என்றார் பத்மநாதன்.

பாறையில் ஏறியதும் தொலைபேசியில் இரண்டு கோடு விழுந்தது. யேசுரட்ணம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் காலடியைப் பார்த்தார். மூன்று விரல் பதிந்த தடங்கள், பெரிய கோழி ஒன்று சேற்றில் நடந்ததுபோல. உள்ளங்கையை வைத்தால் மூடிவிடும் அளவில் சில. சப்பாத்தோடு காலை வைத்தாலும் மிஞ்சும் அளவில் சில. இருபது கோடி வருடத்துக்கு முன் அது ஈரமண் கரையாக இருந்ததாம். பலகையில் எழுதியிருந்தது.

பத்மநாதன் பலகையை முழுதாக வாசித்தார். வாசித்தபின் ஆய்வு செய்தார்.

"யேசு, உதுகள் ஏன் அழிஞ்சதுகள் தெரியுமே? ஒற்றுமை இல்லை. உவ்வளவு பெரிய உடம்பு, உவ்வளவு பலம். உள்ளுக்கை காட்டிக்குடுப்பு நடக்காமல் உதுகளை ஆர் அழிக்கிறது?"

"விண்கல் விழுந்தது எண்டெல்லோ சொல்லுறாங்கள்," என்றாள் ரோகிணி. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு மடக்குக் கதிரையில் இருந்தாள்.

"விண்கல்லை ஆர் விட்டது? அதைக் கேளுமன் முதல்."

யேசுரட்ணம் குந்தியிருந்து தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, எல்லாம் தண்ணிப் பக்கம்தான் போயிருக்குதுகள். திரும்பி வந்த அடையாளம் ஒண்டையும் காணேல்லை."

"கப்பல் வந்து ஏத்திக்கொண்டு போயிருக்கும்," என்றாள் ரோகிணி.

பத்மநாதன் மனைவியை முறைத்தார்; அவள் ஒரு வானொலி நேயராக இருந்திருந்தால் தொடர்பைத் துண்டித்திருப்பார். ரோகிணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தனக்கு மத்தியானத்துக்குப் பொரிச்ச மீன் வேண்டும் என்றாள்.

யேசுரட்ணம் பாறையின் அடியில், சிக்னல் விட்டுப்போகாத தூரத்தில் நின்று தூண்டில் போட்டார். தூண்டில் பத்மநாதனுடையது, புதியது, விலைச்சீட்டுத் தொங்கியது. தொலைபேசி சட்டைப் பையில், நெஞ்சோடு. மீன் கடித்தது. ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும் ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு மறுகையால் இழுத்தார். பூங்கா அனுமதித்த தொகையைப் பத்துமணிக்குள்ளேயே பிடித்துவிட்டார். தொலைபேசி அடிக்கவில்லை.

பொரித்த மீன் முடிந்து, ரோகிணி தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தபின், யேசுரட்ணம் பத்மநாதனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். இரண்டு மாதமாக வாயில் வைத்திருந்த வசனத்தை முடித்துப் பார்த்தார்.

"அண்ணை, கப்பல் உண்மையா வருகுதோ?"

பத்மநாதன் மீன்முள் ஒன்றைப் பல்லிடுக்கில் இருந்து எடுத்தார்.

"நான் ரேடியோவிலை என்ன சொல்லுறன்?"

"வருகுதெண்டு."

"பிறகென்ன?"

"இல்லை அண்ணை, தம்பி கேப்பான். ரெண்டு பிள்ளையள். நான்தான் சொல்லவேணும். உங்களுக்கு ஆராவது... நேரடியா ஆரும் சொன்னதோ?"

"யேசு, இஞ்சை பார். எல்லாத்தையும் ஆராவது வந்து காதுக்குள்ளை சொல்லுவினமே? நிலைமையைப் பாத்து நாங்கள்தான் விளங்கிக்கொள்ளவேணும். அமெரிக்கனுக்கு அந்தக் கடல் வேணும். கடல் வேணுமெண்டால் கப்பல் வரத்தானே வேணும்? சனத்துக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமே? நம்பிக்கை இல்லாமல் சனம் என்னெண்டு பங்கருக்குள்ளை இருக்கும்?"

அதுவரை யேசுரட்ணத்துக்கு அந்தக் கப்பலின் பெயர், கொடி, புகைபோக்கி எல்லாம் கண்ணுக்குள் தெரிந்தன. இப்போது அது எங்கிருந்து வந்ததென்று தெரிந்தது. ஆனாலும் என்ன செய்வது? பெப்ரவரியிலும் ஏப்ரலிலும் அவர் சொன்ன சொல்லில் ஒருத்தி செத்துப்போயிருந்தாள். கப்பல் இல்லையென்றால் யசிந்தா எதற்குச் செத்தாள்? ஆகவே கப்பல் வரத்தான் வேண்டும். பாறையில் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: ஒரு கிழமை பொறு, எட்வேட், கப்பல் கிட்ட வந்திட்டுது. சொல்லச் சொல்ல அது உண்மைபோலத்தான் இருந்தது.

ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் அந்தப் பாலைவனத்தில் ஆறு மணி. வெயில் நெருப்பாக எரிந்துகொண்டிருக்கும். ஆறுக்குக் கொஞ்சம் முன் பத்மநாதன் கையை நீட்டினார்.

"யேசு, உன்ரை போனைத் தா."

"ஏன் அண்ணை?"

"நிகழ்ச்சி இருக்கெல்லோ."

"உங்கடை போன்?"

"வீட்டிலை. என்ரை போனிலை பேசினா பில்லிலை அமெரிக்கா எண்டு வரும். பில்லைக் கொம்பனி அக்கவுண்டன் பாப்பான். அக்கவுண்டன் ஆர்?"

"எங்கடை ஆள்."

"அதுதான். அரை மணித்தியாலம். சனிக்கிழமை நிகழ்ச்சியை விடேலாது, நாடு இருக்கிற நிலைமையிலை."

அப்போதுதான் ரோமிங்கின் தாராளம் யேசுரட்ணத்துக்கு விளங்கியது. "தம்பி எடுத்தா?" என்று தொடங்கினார்.

"எடுத்தா நான் தருவன்தானே?" என்று பத்மநாதன் அந்த வசனத்தை முடித்துவைத்தார்.

யேசுரட்ணம் தொலைபேசியைக் கொடுத்தார். முதலாளி கேட்டால் கொடுப்பது இருபது வருடப் பழக்கம். கொடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு மிச்சம் வைத்த மீனைத் துப்பரவாக்கத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினார்.

பத்மநாதன் சிக்னல் தெளிவாக விழும் இடத்தைத் தேடி, ஆகப் பெரிய தடம் ஒன்றுக்குள் காலை வைத்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அன்பான நேயர்களே, நான் இப்பொழுது கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், நாடாளுமன்ற முன்றலில் நின்றபடி உங்களோடு உரையாடுகின்றேன். என் கண்முன்னே மனித வெள்ளம்."

கண்முன்னே நீர்த்தேக்கம். பக்கத்துக் கூடாரங்களின் வெள்ளைக்காரப் பிள்ளைகள் விசைப்படகு ஒன்றில் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். பின்னால் கேட்பது என்ன ஒலி என்று அறிவிப்பாளர் கேட்டிருக்கவேண்டும்.

"அதுதான் மக்கள் எழுச்சி," என்றார் பத்மநாதன். "கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்." தொலைபேசியைப் படகுப் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

ரோகிணி கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டு இருந்துகொண்டாள்.

அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியது. நேயர்கள் கேள்வி கேட்டார்கள். கப்பல் எங்கே என்று ஒரு அம்மா அழுதிருக்கிறாள். "தாயே, அந்தக் கடலில் அது ஏற்கனவே நங்கூரம் பாய்ச்சிவிட்டது, கண்ணீரைத் துடையுங்கள்," என்று பத்மநாதன் தழுதழுத்த குரலில் சொன்னார். அந்தத் தழுதழுப்பில் பொய் இல்லை. தன் குரலைக் கேட்டு அவர் எப்போதும் உருகுவார்.

யேசுரட்ணம் மீனோடு ஏறி வந்தபோது பத்மநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல நிகழ்ச்சி. ஆனா உன்ரை போன் சரியில்லை. நடுவிலை நடுவிலை ரூ ரூ எண்டு ஒரு சத்தம். மூண்டு தரம். பேச்சின்ரை ஓட்டத்தையே கெடுத்துப்போட்டுது."

யேசுரட்ணம் திரையைப் பார்த்தார். தவறிய அழைப்பு மூன்று. இலக்கம் இல்லை.

"அண்ணை, இது அவன்."

"ஆர்?"

"எட்வேட். அங்கை இப்ப விடியிற நேரம். அவன்தான். ஏன் அண்ணை தரேல்லை?"

"நேரடி ஒலிபரப்படா! உலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்குது. ஒரு ஆளுக்காக நடுவிலை வைக்கேலுமே? திருப்பி எடன்."

"எடுக்கேலாது. நம்பர் விழாது."

"அப்ப அவன் எடுப்பான்."

யேசுரட்ணத்தின் மற்றக் கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. அவர் அதைப் பாறையில் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். ரோகிணி மட்டும் அதைக் கவனித்து எழுந்து நின்றாள். பிறகு அவர் அந்த இடத்திலேயே இருந்து தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டார். அவர் எழும்பாததால், படகோட்ட ஆளின்றி மற்ற இருவரும் இருட்டும்வரை அங்கே இருக்கவேண்டி வந்தது. பத்மநாதனுக்கு நுளம்பு கடித்தது. கடைசியில், காவலாளிப் பெண்மணி தன் படகில் வந்து எல்லோரையும் ஏற்றி, வாடகைப் படகையும் கட்டி இழுத்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை யேசுரட்ணம் மீன் பிடிக்கவில்லை. தன்னந்தனியாக அக்கரைக்குப் போய் நாள் முழுக்கப் பாறையில் இருந்தார். யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை விமான நிலையத்தில், தலைக்கு மேலே தொங்கிய தொலைக்காட்சியில் யுத்தம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அருகில் இருந்த ஒருவர் அந்தச் செய்தியை மாற்றி விளையாட்டுப் போடச் சொன்னார்.

பத்மநாதன் இரண்டு நாள் வானொலிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனார். போராட்டம் அடுத்த கட்டத்துக்குள் நுழைந்திருப்பதை விளக்கினார். கப்பலைப் பற்றி அவரும் பேசவில்லை, எவரும் கேட்கவுமில்லை. அவ்வளவு பெரிய இரும்பு எப்படி ஒரு சத்தமும் இல்லாமல் தாழ்ந்தது என்று கப்பல் கட்டுபவர்கள்தான் ஆராயவேண்டும்.

டோர்செட் பார்க்கில் யேசுரட்ணத்தை மின்தூக்கியில் கண்டவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"ஒட்டாவாவிலை நல்லா வெய்யிலிலை நிண்டிருக்கிறியள் அண்ணை. கறுத்துப்போனியள்."

அவர் தலையாட்டினார். கோயிலில் எட்வேட்டின் பெயருக்குப் பூசை கொடுக்கச் சொன்னார்கள். ஜெயமலர் விடவில்லை. செத்த செய்தி வராதவனுக்குப் பூசை கிடையாது என்று பிடிவாதமாக நின்றாள். யேசுரட்ணம் இரவில் வேலைக்குப் போனார், குப்பைக் கூடைகளைக் கவிழ்த்தார், பகலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அண்டைக்கு நான் எடுத்திருந்தால், எடுத்திருந்தால் என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை முடிக்க ஜெயமலர் மறுத்துவிட்டாள்.

யூலை மாதம் ஒரு பின்னேரம், வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. இலக்கம் இல்லை.

"அண்ணை."

யேசுரட்ணம் சப்பாத்து வைக்கும் இடத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். "எட்வேட்! எங்கை நிக்கிறாய்? பிள்ளையள்?"

"வவுனியாவிலை, முகாமிலை. பிள்ளையள் ரெண்டும் என்னோடை. ஒரு ஆளின்ரை போன். கனநேரம் கதைக்கேலாது."

"ராசா, அண்டைக்கு நீ மூண்டு தரம் எடுத்தனி. நான்..."

"ஓம், எடுத்தன். நீங்கள் வேறை லைனிலை நிண்டியள்." எட்வேட்டின் குரல் பழைய குரல்தான். மரியாதை குறையவில்லை. "மூண்டாந்தரமும் கிடைக்கேல்லை. பின்னாலை நிண்ட ஆள் போனைப் பறிச்சிட்டான். கேக்க ஒருத்தரும் இல்லை. சின்னவளைத் தோளிலை வைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளை இறங்கிட்டன். கழுத்தளவு. எங்கடை பங்கருக்குள்ளை நிண்ட மற்றக் குடும்பம் அங்கையே நிண்டது. அதிலை ஒருத்தரும் இல்லை இப்ப."

யேசுரட்ணம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நீங்கள் எடுத்திருந்தா நில்லு எண்டிருப்பியள், என்ன அண்ணை?"

கேள்வியாகத்தான் கேட்டான். ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை.

"ஏப்ரலிலை எடுத்தியள். நிண்டம். யசிந்தா போயிட்டாள். மேயிலை எடுக்கேல்லை. நாங்கள் இருக்கிறம். நான் உங்களிலை குறை சொல்லேல்லை. நடந்ததைத்தான் சொல்லுறன்."

"எட்வேட், அங்கை இனி என்ன செய்யிறதெண்டு நான்..."

"இல்லை அண்ணை. நான் கேக்க எடுக்கேல்லை. சொல்ல எடுத்தனான். இருக்கிறம் எண்டு. பெரியவனுக்குக் காலிலை புண், மருந்து எடுக்கிறம். வைக்கிறன்."

தொடர்பு அறுந்தது. கீழே பத்மநாதனின் வான் வந்து ஹோர்ன் அடித்தது. ஜெயமலர் குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"ஆர்? எட்வேட்டோ? இருக்கிறானோ?"

"இருக்கிறான். பிள்ளையளும்."

அவள் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ன சொன்னனியள் அவனுக்கு?"

யேசுரட்ணம் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். ஒரு காலைக் கட்டி முடிக்க நெடுநேரம் எடுத்தது.

"அவன் ஒண்டும் கேக்கேல்லை," என்றார்.